ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் ரஷ்ய எழுத்துகளை வாசிக்கத் தடுமாறுவது ஏன்?

வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் வாசிக்கிறீர்கள். ரஷ்ய எழுத்துகள் 33-ஐயும் வரிசையாக ஒப்பிக்க வருகிறது. ஒரே வாரத்தில் வாசித்துவிடலாம் என்று ஏதோ ஒரு காணொளியில் சொன்னதை நம்பி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு கடைப்பலகையைக்கூடத் திக்காமல் வாசிக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டதால்தான் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் வயது வந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது எழுத்து தெரிந்த பிறகும் வாசிப்பு ஏன் வரவில்லை என்பதைத்தான். அதற்கு வயது காரணம் இல்லை. ஆங்கிலம்தான் காரணம். அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருப்பதுதான் காரணம்.

நான் பதினேழு ஆண்டுகளாக ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்து வருகிறேன். மருத்துவம் படிக்க ரஷ்யா கிளம்பும் பிள்ளைகள், ஒப்பந்த வேலைக்குப் போகும் பொறியாளர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஆசைக்காகப் படிப்பவர்கள் என்று பதினெட்டு வயது முதல் எழுபது வயது வரை வந்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் எனக்கு இல்லை. அதனால் இங்கே எழுதுவதைப் பெரியவர்களுக்கானதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த எல்லோருக்கும் ஆங்கிலம் ஏற்கெனவே கண்ணில் ஊறியிருந்தது. அவர்களில் ஆங்கிலம் அதிகமாகவும் வேகமாகவும் வாசிப்பவர்கள்தான் முதல் வாரத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இந்தப் பதிலில் ரஷ்ய எழுத்து எதையும் போட்டுக் காட்டாமல், வடிவத்தைச் சொல்லிக்கொண்டே போகிறேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல நீங்களே எழுதிப் பாருங்கள். கையால் எழுதிய எழுத்து கண்ணில் சீக்கிரம் நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு 'பி' இருப்பதால், பஸ் என்ற சொல்லின் முதலெழுத்தை 'பஸ் பி' என்றும், பேப்பரின் முதலெழுத்தை 'பேப்பர் பி' என்றும் குறிப்பிடுகிறேன். 'டி' என்று வரும் இடமெல்லாம் டிக்கெட்டில் முதலில் வரும் 'டி'.

என் முதல் வகுப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பலகையில் எட்டுப் பெரிய எழுத்துகளை எழுதுவேன்: பேப்பர் பி, இ, சி, டி, ஓ, மறுபடியும் பேப்பர் பி, ஏ, எச். வாசியுங்கள் என்றால் வகுப்பே சேர்ந்து 'பெக்டோபா' என்று சொல்லும். அது வேறெதுவும் இல்லை, ரெஸ்டாரன்ட்தான். ரஷ்யர் அதை 'ரிஸ்தரான்' என்பார். பேப்பர் பி அங்கே 'ர்'. சி அங்கே 'ஸ்'. எச் அங்கே 'ன்'. எட்டு எழுத்தில் ஒன்றுகூடப் புதிய வடிவம் கிடையாது. 1961-இல் விண்வெளிக்குப் போன யூரி ககாரினின் தலைக்கவசத்தில் சிவப்பாக எழுதியிருந்த நான்கு எழுத்துகளும் அப்படித்தான். படத்தைப் பார்த்தவர்கள் பலரும் 'சிசிசிபி' என்றே படித்தோம். அது எஸ் எஸ் எஸ் ஆர், சோவியத் ஒன்றியத்தின் ரஷ்யப் பெயர்ச்சுருக்கம்.

இங்கே என்ன நடக்கிறது? முன்பின் பார்க்காத வடிவம் வந்தால் நீங்கள் நின்று யோசிப்பீர்கள், நினைவிலிருந்து ஒலியை எடுப்பீர்கள், மெதுவாக இருந்தாலும் சரியாக வரும். எச் வடிவம் வந்தாலோ யோசிப்பதற்கு முன்பே 'ஹ' வந்து நாக்கில் உட்கார்ந்துவிடுகிறது. அதைத் துரத்திவிட்டு 'ன்' சொல்ல வேண்டும். ஒரே சொல்லில் நான்கு முறை இப்படித் துரத்தினால், கடைசி எழுத்துக்கு வரும்போது முதலெழுத்து மறந்துபோகும். எழுத்துவரிசையை ஒப்பிக்கும்போது இந்தச் சிக்கலே வராது. அங்கே அடுத்து எது வரும் என்று தெரியும், ஆங்கிலம் குறுக்கே வர இடமில்லை. அதனால்தான் 33-உம் மனப்பாடமாக இருந்தும் பலகையைப் பார்த்தால் நிற்கிறீர்கள்.

ஏமாற்றுகிற எழுத்துகள் மொத்தம் ஆறுதான். பஸ் பி வடிவத்துக்கு 'வ்'. எச் வடிவத்துக்கு 'ன்'. பேப்பர் பி வடிவத்துக்கு 'ர்', நம் 'ற்' போல நாக்கு அதிரும் ர். சி வடிவத்துக்கு எப்போதும் 'ஸ்', ஒருபோதும் 'க்' ஆகாது. ஒய் வடிவத்துக்கு 'உ'. எக்ஸ் வடிவத்துக்குத் தொண்டையில் உரசும் 'ஹ்'. 'அஃது' என்னும்போது ஆய்தம் உரசுவதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அருகில் வந்துவிடும்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் மனதில் நன்றாக உட்காரும் என்பதால் கொஞ்சம் வரலாறு. ஆங்கிலம் எழுதப் பயன்படும் லத்தீன் எழுத்தும் ரஷ்ய எழுத்தும் கிரேக்கத்திலிருந்து வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் கிளம்பியவை. ரஷ்யர்கள் எழுதும் இந்த எழுத்துமுறை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிப் பல்கேரியப் பேரரசில் உருவானது. கான்ஸ்டன்டினோபிளில் அப்போது புழங்கிய கிரேக்கப் பெரிய எழுத்துகள்தான் அதற்கு அச்சு. சிரில் என்ற துறவியின் பெயரால் சிரிலிக் என்கிறோம், ஆனால் சிரிலும் அவர் அண்ணன் மெத்தோடியஸும் அமைத்தது கிளகொலித்திக் என்ற வேறோர் எழுத்துமுறை. கிரேக்க 'ரோ' பார்ப்பதற்குப் பேப்பர் பி, ஒலி ர். கிரேக்க 'பீட்டா' அந்தக் காலத்தில் 'வ்' என்றே ஒலித்தது. பழைய கையெழுத்தில் 'சிக்மா' சி போல வளைந்திருக்கும். எச் கதைதான் இவற்றில் சுவையானது. பழைய சிரிலிக்கில் 'ன்' எழுத்துக்கு நடுக்கோடு ஆங்கில என் போலச் சாய்ந்திருந்தது, 'இ' எழுத்துக்கு எச் போலப் படுக்கையாக இருந்தது. காலப்போக்கில் ஒன்றின் கோடு படுக்கையானது, மற்றதன் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அப்படித்தான் 'ன்' இன்றைய எச் ஆனது, 'இ' தலைகீழ் என் (கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய என்) ஆனது. பின்னர் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் கொண்டுவந்த, 1708-இல் முதலில் அச்சேறிய புதிய எழுத்துருக்கள் ரஷ்ய வடிவங்களை லத்தீன் அச்சுக்கு இன்னும் அருகில் கொண்டுபோய்விட்டன. நம் கண் ஏமாறுவதில் பீட்டருக்கும் பங்கு உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது என்ன? எழுத்துவரிசையை ஒரு வாரம் மூடி வையுங்கள். வடிவமும் ஒலியும் ஆங்கிலம் போலவே இருக்கும் எழுத்துகள் ஐந்து: ஏ, கே, எம், ஓ, டி. ஏ வடிவத்துக்கு 'அ' ஒலி, டி வடிவத்துக்குப் பல்லில் நாக்கு தொடும் நம் 'த்'. இந்த ஐந்தும் அந்த ஆறும் சேர்த்துப் பதினொன்று. முதல் வாரம் முழுக்க இந்தப் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். எச், ஓ, சி என்று எழுதினால் 'நோஸ்', மூக்கு. சி, ஓ, கே என்றால் 'ஸோக்', பழச்சாறு. பேப்பர் பி, ஒய், கே, ஏ என்றால் 'ருகா', கை. எம், ஒய், எக்ஸ், ஏ என்றால் 'மூஹ', ஈ. சி, ஏ, எக்ஸ், ஏ, பேப்பர் பி என்றால் 'ஸாஹர்', சர்க்கரை. அது நம் சர்க்கரைக்கு உறவுக்காரச் சொல்லும்கூட. வடமொழிச் சொல் கிரேக்கம் வழியாக அவர்களிடம் போனது, நம்மிடம் நேராக வந்தது. அப்புறம் எம், ஓ, சி, கே, பஸ் பி, ஏ. ஆங்கிலக் கண் இதை 'மாக்பா' என்று படிக்கும். அது மாஸ்கோ. ரஷ்யத் தலைநகரின் பெயர் முழுதும் இந்தப் பதினொன்றுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இப்படி முப்பது நாற்பது சொற்களை ஒரு தாளில் எழுதிவைத்து, தினமும் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, வாய்விட்டு. மனதுக்குள் வாசித்தால் ஆங்கில ஒலி திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிடும், உங்களுக்கே தெரியாது.

எழுத்தின் மேலே தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நோட்டுப் புத்தகம் முழுக்க ஒவ்வொரு ரஷ்யச் சொல்லின் தலையிலும் தமிழில் எழுதி வைத்திருந்தார். நேர்த்தியான கையெழுத்து, பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு பக்கத்தில் 'தோச்க' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். ஒன்று மகள், ஒன்று முற்றுப்புள்ளி. மகளுக்குத் தொடக்கத்தில் 'தயிர்' என்று பேச்சில் சிலர் அழுத்திச் சொல்லும்போது வருகிற அதிர்வுள்ள த், முற்றுப்புள்ளிக்கு 'தலை'யில் வரும் வறண்ட த். ரஷ்யனில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழில் ஒரே 'த' இரண்டுக்கும் போதும், ஏனென்றால் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது நமக்குப் பழக்கத்தில் தெரியும். ப, க இரண்டிலும் இதே கதை. ரஷ்ய எழுத்து நமக்காகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழில் எழுதி மறுபடி கலந்துவிடக் கூடாது. நானே இந்தப் பதிலில் தமிழில் ஒலியை எழுதுகிறேன், வேறு வழியில்லாததால். இதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான ஒலியை ஒரு ரஷ்யரின் குரலில் கேளுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பதும் பயன்படாது. ரஷ்யனில் ஒரே எழுத்தாக இருப்பது அங்கே இரண்டாகவும் நான்காகவும் நீண்டுவிடும்.

இரண்டாம் வாரத்தில் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்கலாம். பள்ளியில் கணிதமும் இயற்பியலும் படித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பை குறி 'ப்', ஃபை குறி 'ஃப்', காமா 'க்' (கங்கையின் முதல் எழுத்தைப் போல அதிர்வோடு), டெல்டாவுக்கு இரண்டு கால் முளைத்தால் அந்த அதிர்வுள்ள 'த்', லாம்டா 'ல்'. இப்போது 1957-இல் ஏவிய செயற்கைக்கோளின் பெயரை எழுதிப் பாருங்கள்: சி, பை, ஒய், டி, எச், தலைகீழ் என், கே. ஸ்புத்னிக். ஏமாற்றும் எழுத்து மூன்று, அறிமுகமான எழுத்து இரண்டு, கணிதத்தில் பார்த்தது ஒன்று, புதிது ஒன்று. இந்த ஒரு சொல்லை நிற்காமல் வாசிக்க முடிந்தால் நான்கு வகை எழுத்தும் கைக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மிச்சம் இருக்கும் புதிய வடிவங்களைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அவை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஆறு கால் விரித்த வண்டு போல ஓர் எழுத்து உண்டு. ரஷ்யனில் வண்டு என்ற சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. எண் 4 போல ஓர் எழுத்து, ஒலி 'ச்' (பச்சையில் வருவது). நான்கு என்பதற்கான ரஷ்யச் சொல்லும் அதில்தான் தொடங்கும். மூன்று பல் சீப்பு போல நிற்பது நம் 'ஷ்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இந்த ஒலிக்கு நாக்கைக் கொஞ்சம் பின்னால் இழுக்கப் பயிற்சி செய்ய வேண்டும், நமக்கு 'ஷ' இருப்பதால் அப்படியே சொல்லலாம். அதே சீப்புக்கு வலப்பக்கம் சின்ன வால் வந்தால் மென்மையான, நீண்ட 'ஷ்ஷ்'. பீட்ரூட் சூப்பின் பெயர் இதில்தான் முடிகிறது. ஆங்கிலத்தில் அதன் முடிவில் வரும் 'ட்' ரஷ்யனில் கிடையாது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய ஆர் 'ய', 'நான்' என்று பொருள்படும் முழுச் சொல்லும் அதுவே. வெளிநாட்டுச் சுவரொட்டிகளில் ரஷ்ய வாடை வருவதற்காக ஆர் இருக்கும் இடத்தில் இதைப் போட்டு அலங்கரிப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏழாவது ஏமாற்று எழுத்து. புதியவற்றில் நான் கொஞ்சம் நேரம் செலவழிப்பது ஒரு ஜோடியில்: எண் 3 போல இருப்பது 'இஸட்' ஒலி, அதையே எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து நடுவில் கோடு போட்டதுபோல் தோன்றுவது 'எ'. வகுப்பில் பாதிப் பேர் இரண்டையும் மாற்றிப் போடுவார்கள். இரண்டும் வரும் சொற்களை அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதுதான் வழி.

ஓர் உயிரெழுத்து தமிழருக்கென்றே காத்திருக்கிறது. சிறிய பஸ் பி போன்ற ஒன்றும் பக்கத்தில் ஒரு தனிக்கோடும் சேர்ந்து ஒரே எழுத்தாக இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஒலியே கிடையாது. ஆங்கில வழிப் புத்தகங்கள் அதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 'காது', 'பந்து' என்று பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தைச் சொல்லிப் பாருங்கள். நாக்கை அங்கிருந்து ஒரு நூல் முன்னால் நகர்த்தினால் போதும். என் மாணவர்கள் பெரும்பாலோர் முதல் நாளே இதைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தனி ஒலி இல்லாத எழுத்து இரண்டு உண்டு. அவற்றில் அடிக்கடி வருவது, சிறிய பஸ் பி போலவே தனியாக நிற்கும் மென்மைக்குறி. முன்னால் நிற்கும் மெய்யை இது மென்மையாக்கும், அதாவது நாக்கின் நடு மேலே அண்ணத்தை நோக்கி எழும். 'ன்' மென்மையானால் நம் 'ஞ்' பக்கம் சாயும். இதைச் சின்ன அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகக் கூடாது. சகோதரன் என்ற சொல்லின் வாலில் இதைச் சேர்த்தால் 'எடுப்பது' என்ற வினை. மூலை என்ற சொல்லில் சேர்த்தால் நிலக்கரி. மற்றொன்றான கடினக்குறி, 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மெய்யில் முடியும் சொற்களின் வாலில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லுக்கு நடுவில் எப்போதாவதுதான் வரும். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எழுத்தெல்லாம் வந்த பிறகு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் ரஷ்யருக்குப் புரியாமல் போகலாம். ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசையில் அழுத்தம் விழும். அழுத்தம் விழாத ஓ, 'அ' ஆகிவிடும். பாலுக்கு மூன்று ஓ எழுதுவார்கள், வாசிப்பது 'மலகோ', கடைசி ஓ மட்டும்தான் ஓவாக ஒலிக்கும். மாஸ்கோவை எழுதுவது 'மோஸ்க்வா' போல, சொல்வது 'மஸ்க்வா'. சொல்லின் கடைசியில் வரும் அதிர்வுள்ள மெய் வறண்டுவிடும். ரொட்டி என்ற சொல் பஸ்ஸில் வரும் 'ப்' ஒலிக்குரிய எழுத்தில் முடிந்தாலும் வாயில் பேப்பர் 'ப்'தான் வரும். இவையெல்லாம் விதிகள், பழகினால் வந்துவிடும். ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்துக்கூட்டத்துக்கு ஐந்தாறு உச்சரிப்பு என்ற கொடுமை இங்கே இல்லை. ஆனால் அழுத்தம் எந்த அசையில் என்பதைத் தாள் சொல்லாது. பாடப்புத்தகத்திலும் அகராதியிலும் உயிரெழுத்தின் மேல் சின்னச் சாய்கோடு போட்டிருப்பார்கள், செய்தித்தாளிலும் பலகையிலும் அது இருக்காது. ஒரே எழுத்துகள் கொண்ட சொல்லை முன்னால் அழுத்தினால் கோட்டை, பின்னால் அழுத்தினால் பூட்டு. நம் பன்னீர் போன்ற ஒரு பால்பொருளின் பெயரை ரஷ்யர்களே இரண்டு விதமாக அழுத்துகிறார்கள், அகராதியும் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. இதே வகையில் இன்னொரு தொல்லை: ஆங்கில இ வடிவத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த 'யோ' எழுத்து. 1783-இல் இளவரசி தாஷ்கோவா தலைமை வகித்த ரஷ்ய அக்காதெமியில் முன்மொழிந்தது இது. அச்சில் பெரும்பாலும் புள்ளிகளை விட்டுவிடுகிறார்கள், வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ஆகவே புதுச் சொல் ஒவ்வொன்றையும் எழுத்தோடும் குரலோடும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி மாஸ்கோ மெட்ரோ. ரயிலில் உட்கார்ந்து எடுத்த காணொளிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பலகையில் நிலையத்தின் பெயர் பெரிய எழுத்தில் தெரியும், அதே நேரம் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்வார்கள். பலகை தெரிந்ததும் ஒலியை அணைத்துவிட்டு நீங்கள் வாசியுங்கள், பிறகு ஒலியோடு போட்டு ஒத்துப் பாருங்கள். சிவப்பு வழித்தடத்தில் தொடங்குங்கள். 1935-இல் திறந்த முதல் தடம் அதில்தான் இருக்கிறது, சொகோல்னிக்கி முதல் பார்க் குல்தூரி வரை. அதே தடத்தில் இன்னும் தள்ளிப் போனால் ஸ்போர்த்தீவ்னயா, உனிவெர்சித்யெத். விளையாட்டு, பல்கலைக்கழகம் என்று காதுக்கு எட்டும் பெயர்கள். பொருள் புரிவதால் தப்பாக வாசித்தால் உங்களுக்கே உறுத்தும். நிலையங்களில் 'வெளியே' என்று வரும் பலகையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், குற்றியலுகர எழுத்து அதில் இரண்டாவதாக நிற்கும்.

கையெழுத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள். ரஷ்யர்கள் எழுதுவது முழுக்கக் கூட்டெழுத்து. அதில் டி, ஆங்கிலச் சிறிய எம் போல ஆகிவிடும். தலைகீழ் என், சிறிய யு ஆகிவிடும். பை, சிறிய என் ஆகிவிடும். ஏமாற்றும் எழுத்துகள் மறுபடி புதிதாக முளைக்கும். சாய்வெழுத்து அச்சிலும் இதே வடிவங்கள்தான், அதனால் புத்தகம் வாசிப்பவர் தப்பிக்க முடியாது. ஷ், இ, ல், ம் நான்கும் அடுத்தடுத்து வந்தால் ஒரே அலையாகத் தெரியும். அதனால்தான் சில ரஷ்யர்கள் சீப்பு எழுத்தின் கீழே ஒரு கோடும், டி எழுத்தின் மேலே ஒரு கோடும் போடுகிறார்கள். இதை எப்போது தொடங்குவது என்பதில் ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ரஷ்யப் பள்ளிகளில் செய்வதுபோல் முதலிலிருந்தே கூட்டெழுத்தில் எழுத வைப்பவர்கள் உண்டு, நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள். நான் அச்செழுத்து நிலைத்த பிறகே, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் தொடங்குகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வரிசை ஏமாற்று எழுத்துகளைச் சமாளிப்பது பெரியவர்களுக்குப் பாரம் என்பது என் எண்ணம். மருத்துவம் படிக்கப் போகிறவர் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அங்கே பேராசிரியர் பலகையில் எழுதுவதும் நோயாளியின் அட்டையில் இருப்பதும் கூட்டெழுத்துதான்.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கு என் வகுப்பு அனுபவத்திலிருந்து சொல்கிறேன், இது கணக்கு அல்ல, மதிப்பீடு. தினமும் இருபத்தைந்து நிமிடம் வாய்விட்டு வாசித்தால், மூன்று வாரத்தில் எந்தச் சொல்லையும் நின்று நின்றாவது சரியாக எழுத்துக்கூட்டலாம். நிற்காமல் பலகை வாசிக்க இரண்டு மாதம். வாரத்துக்கு ஒரே நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இதில் பாதிகூடப் போனதில்லை. ஒரு வாரத்தில் வாசிக்கலாம் என்று காணொளியில் சொன்னவர் எழுத்துகளை அடையாளம் கண்டுகொள்வதைத்தான் 'வாசிப்பு' என்கிறார். அந்த அளவில் நீங்கள் எப்போதோ முடித்துவிட்டீர்கள். மொழி முழுவதும் வேறு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத்துறை தன் அலுவலர்களுக்கு ரஷ்யன் கற்பிக்க ஒதுக்குவது 44 வாரம், ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி. எழுத்து அதில் ஒரு மூலை. இந்த எழுத்துகளைக் கற்றபின் பல்கேரிய, உக்ரைனிய மொழிகளின் பலகைகளையும் கிட்டத்தட்ட வாசிக்க வரும், ஆனால் அங்கங்கே ஒலி மாறும். ரஷ்யனில் வாய்பேசாத கடினக்குறி பல்கேரியனில் முழு உயிரெழுத்து.

உங்களுக்கு இந்த வார வேலை: பதினொரு எழுத்து, முப்பது சொல், வாய்விட்டு. அடுத்த வாரம் கிரேக்க எழுத்துகள், மெட்ரோ காணொளி. வீட்டிலோ பழைய புத்தகக் கடையிலோ மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள். சோவியத் காலத்தில் அவை இங்கே நிறைய வந்தன, நூலின் அச்சு விவரம் சின்ன எழுத்தில் ரஷ்யனில் இருக்கும். எனக்கு ரஷ்ய எழுத்து அறிமுகமானதே அப்பாவின் அலமாரியில் இருந்த அப்படியொரு புத்தகத்தில்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து, எம்-இல் தொடங்கி ஏ-இல் முடியும் அந்த ஆறெழுத்தைத் தேடுங்கள். கண்ணில் பட்டதும் 'மஸ்க்வா' என்று வருகிறதா, 'மாக்பா' என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அடுத்த சொற்பட்டியலை அதற்கேற்ப அனுப்புகிறேன்.